கோதுமைக்கு முன் கோடை மூடுபயிர்: விதைப்புத் தேதியிலிருந்து பின்னோக்கி

குளிர்காலக் கோதுமையைக் கோடை நடுவில் அறுத்துவிட்டு, அதே நிலத்தில் இலையுதிர்காலத்தில் மறுபடியும் கோதுமையே விதைப்பதானால் நடுவில் பத்து, பதினோரு வாரம் கிடைக்கும். வெயில் மிகுந்த வாரங்கள் அவை. நிலத்தைச் சும்மா போட்டால் அத்தனை வெயிலும் களைக்குப் போகும். பெருமழை ஒன்று வந்தால் மேல்மண் கரையும், அறுவடைக்குப் பின் மண்ணில் மிச்சமிருக்கும் நைட்ரேட் வேருக்கு எட்டாத ஆழத்துக்கு இறங்கிவிடும். அந்த இடைவெளியில், விளைச்சலுக்காக அல்லாமல் மண்ணை மூடிக் காக்க வளர்க்கும் மூடுபயிராக என்ன போடலாம் என்று தெரிந்துகொள்ள ஒரு வயலைப் பட்டைகளாகப் பிரித்து, பயிர்களைப் பக்கத்துப் பக்கத்தில் விதைத்தேன். அதைத் தொடர்ந்து வந்த கோதுமையையும் அறுவடை வரை கவனித்தேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

மூடுபயிர் என்றதும் எல்லோரும் கேட்பது "எது நன்றாக வளரும்?" என்பதுதான். கோடையில் வளர்வது ஒரு பெரிய விஷயமே இல்லை. ஈரம் இருந்தால் எதுவும் வளரும். கோதுமைக்கு முன்னால் வரும் பயிருக்குக் கேள்வி வேறு: எப்போது சாகும், எப்படிச் சாகும், செத்த பிறகு எத்தனை வேகத்தில் மக்கும்? இந்த மூன்றுக்கும் பதில் இல்லாமல் விதை வாங்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. அதனால் நாட்காட்டியில் கோதுமை விதைக்கும் வாரத்தை முதலில் குறித்துக்கொண்டு, அங்கிருந்து பின்னோக்கி எண்ணினேன்.

விதைப்புக்கு முன் இரண்டு மூன்று வாரம் நிலத்தில் பச்சையாக எதுவும் இருக்கக் கூடாது. இதற்குக் காரணம் ஒன்றல்ல. பச்சைத் தழையை மடக்கி உழுத கையோடு விதைத்தால், அழுகும் தழையின் வாசனைக்கு ஈக்கள் வந்து முட்டையிடும். அதன் புழுக்கள் முளைக்கும் விதையைக் குடையும். தழை அடர்த்தியாகக் கிடந்தால் விதை மண்ணோடு ஒட்டாமல் தழையோடு ஒட்டும், முளைப்பு திட்டுத் திட்டாக வரும். மூடுபயிர் உறிஞ்சிய ஈரத்தை ஒரு மழையாவது திருப்பித் தர வேண்டும். இதற்கெல்லாம் மேலே பச்சைப் பாலம் என்ற ஒன்று இருக்கிறது: பழைய கோதுமையிலிருந்து புதுக் கோதுமைக்கு நோய் தாவ நடுவில் இடம் கொடுக்கும் பச்சைச் செடிகள். அதைத் தனியாகச் சொல்ல வேண்டும்.

முன்பக்கத்திலும் ஒன்றரை வாரம் போகும். அறுவடையில் சிந்திய கோதுமை முளைத்து வரட்டும் என்று விட்டு, அதை மேலாக உழுது அழித்த பிறகே மூடுபயிர் விதைத்தேன். ஆக, பத்துப் பதினோரு வாரத்தில் பயிர் உண்மையில் வளரக் கிடைப்பது ஆறு, ஏழு வாரம்தான். இந்தக் கணக்கைப் போட்டதுமே பட்டியலில் பாதி தானாக உதிர்ந்துவிட்டது.

பச்சைப் பாலம்

கோதுமை வரித் தேமல் என்ற வைரஸ் நோயைப் பரப்புவது இலைச்சுருள் சிலந்திப்பேன். நீளம் கால் மில்லிமீட்டர் அளவுதான், வெறுங்கண்ணுக்குத் தெரியாது. இறக்கை கிடையாது, காற்றுதான் அதைத் தூக்கிக்கொண்டு போகிறது. பச்சை இலை இல்லாவிட்டால் சில நாட்களில் செத்துவிடும். அதாவது பழைய கோதுமைக்கும் புதுக் கோதுமைக்கும் நடுவே இரண்டு வாரமாவது அதற்கு ஏற்ற பச்சைப் புல் எதுவும் இல்லாமல் இருந்தால், அந்தச் சங்கிலி அறுந்துபோகும். அசுவினி கடத்தும் பார்லி மஞ்சள் குட்டை வைரஸுக்கும் ஏறக்குறைய இதே கதைதான். அதுவும் புல் குடும்பப் பயிர்களில் தங்கி, புது நாற்றுக்கு வருகிறது.

அப்படியானால் மூடுபயிர் கோதுமைக்குச் சொந்தக்காரனாக இருக்கக் கூடாது. தினை கோடையில் வேகமாக வரும், விதையும் சிறியது, மலிவாகவே முடியும். ஆனால் அந்தச் சிலந்திப்பேனுக்கும் வைரஸுக்கும் தினை இடம் கொடுக்கும். மக்காச்சோளமும் அப்படித்தான். ஓட்ஸ், பார்லி இரண்டும் அசுவினிக்குப் பிடித்தவை. இந்த நான்கையும் முதலிலேயே அடித்துவிட்டேன். கோதுமைக்குப் பின் கோதுமை என்று போகிற நிலத்தில், நடுவிலாவது வேறு குடும்பத்துப் பயிர் வரட்டும் என்ற எண்ணமும் இருந்தது. வேரழுகலுக்கும் இலைப்புள்ளிக்கும் காரணமான பூஞ்சைகள் பழைய கோதுமைத் தாளில்தான் உயிரோடு இருக்கின்றன.

இதில் பலரும் கவனிக்காத இடம் ஒன்று உண்டு. அகன்ற இலைப் பயிர் போட்டுவிட்டால் பாலம் இல்லை என்று நினைத்துவிடுகிறோம். தட்டைப்பயறு நன்றாக மூடியிருந்த இடத்தில் குனிந்து கொடியை விலக்கிப் பார்த்தேன். கீழே நிழலில், வெளிறிய பச்சையில், ஒல்லியாகக் கோதுமை நாற்றுகள் நின்றன. முதல் உழவில் தப்பியவை. அறுவடை இயந்திரம் திரும்பிய ஓரங்களிலும், உமியும் சிதறு தானியமும் வரிசையாக விழுந்த தடத்திலும் அவை அதிகம். வரப்பில் நின்று பார்த்தால் வயல் முழுக்கப் பயறு மாதிரிதான் தெரியும். ஆகவே பயறு கோதுமைக்குச் சொந்தமில்லை என்றாலும், அந்த இரண்டு வார இடைவெளியை நான் எல்லாப் பட்டைக்கும் ஒன்றாகவே வைத்தேன். பயறுக்காக அல்ல, அதன் அடியில் ஒளிந்திருக்கும் கோதுமைக்காக.

களைக்கொல்லி மிச்சம்

விதை வாங்குவதற்கு முன் ஒரு தொட்டிச் சோதனை செய்தேன். முந்தின கோதுமைக்கு அடித்த களைக்கொல்லி சல்ஃபோனைல் யூரியா வகை. அகன்ற இலைக் களையைக் கொல்வதற்கென்றே உள்ளது அது. நான் போட நினைப்பதும் அகன்ற இலைப் பயிர். கார மண்ணிலும் வறண்ட பருவத்திலும் இந்த வகை மருந்து சிதைய நாளாகும். என் மண் சற்றே காரம்.

வயலில் பல இடங்களில் மேல் பத்து சென்டிமீட்டர் மண்ணை எடுத்துக் கலந்து சில தொட்டிகளில் நிரப்பினேன். மருந்து ஒருபோதும் படாத வேலியோர மண்ணை வேறு சில தொட்டிகளில் நிரப்பினேன். இரண்டிலும் தட்டைப்பயறும் முள்ளங்கியும் ஊன்றி, ஒரே மாதிரி தண்ணீர் ஊற்றினேன். விதையில் சேமிப்பு இருப்பதால் முதல் வாரம் இரண்டும் ஒன்று போலத்தான் இருக்கும். அதைப் பார்த்து முடிவெடுக்கக் கூடாது. முதல் மூவிலை விரிந்த பிறகு பார்க்க வேண்டும். மருந்து இருந்தால் வளர்ச்சி நின்றுபோகும், குருத்து மஞ்சளாகும், பிடுங்கிப் பார்த்தால் பக்கவேர் கட்டையாக இருக்கும். என் தொட்டிகளில் பயறுக்கு வித்தியாசம் ஒன்றும் இல்லை. முள்ளங்கி மட்டும் வயல் மண்ணில் கொஞ்சம் சுணங்கியது. அதனால் முள்ளங்கியையும் கடுகையும் விட்டுவிட்டேன். இந்தச் சோதனைக்கு இரண்டு மூன்று வாரம் வேண்டும் என்பதால், அறுவடைக்கு முன்பே, கோதுமை பழுக்கும்போதே மண்ணெடுத்துத் தொடங்கிவிடுவது நல்லது. மருந்து டப்பாவின் மேல் எந்தப் பயிரை எத்தனை மாதம் கழித்து விதைக்கலாம் என்று அச்சிட்டிருப்பார்கள். அதையும் படித்துவிடுங்கள், தொட்டிச் சோதனை அதற்கு மாற்று அல்ல, துணை.

பட்டியலில் நின்றவை

கடைசியில் நின்றவை தட்டைப்பயறு, சணப்பை, பக்வீட் (புல் குடும்பம் அல்லாத, அகன்ற இலைத் தானியப் பயிர்), தீவனச் சோளம். சோளமும் புல் குடும்பம்தான். ஆனால் வரித் தேமல் பேனுக்கு அது நல்ல இருப்பிடம் அல்ல. அத்தோடு கோடையில் அதைப் போலத் தழை கட்டும் பயிர் வேறு இல்லை. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக ஒரு பட்டை போட்டேன். ஃபசீலியா, சூரியகாந்தி போன்றவற்றை இந்த முறை எடுக்கவில்லை.

தட்டைப்பயறு வெப்பம் கேட்கும் பயிர். மண் 18 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இருந்தால் முளைக்கத் தயங்கும். கோடை நடுவில் அந்தப் பிரச்சினை இல்லை. தனியாகப் போட்டால் ஹெக்டேருக்கு 35 முதல் 100 கிலோ வரை விதை சொல்கிறார்கள். வரிசை விதைப்பு என்றால் நடுவில் ஒரு அளவு போதும், கைவிதைப்பு என்றால் கூட்ட வேண்டும். படரும் ரகம்தான் மூடுபயிருக்கு ஏற்றது. நிமிர்ந்து நின்று சீக்கிரம் காய்க்கும் ரகம் சாப்பாட்டுக்கு நல்லது, தரையை மூடாது.

சணப்பை நேராக ஏறும். ஹெக்டேருக்கு 30 முதல் 40 கிலோ, இரண்டு சென்டிமீட்டர் ஆழத்துக்கு மேல் போகக் கூடாது. இரண்டு மாதம் நின்றால் ஆள் உயரம் தாண்டிவிடும். வேர்முடிச்சு நூற்புழு இருக்கும் நிலத்துக்கு இது ஒரு வரம், அந்தப் புழு இதன் வேரில் பெருக முடியாது. பகல் குறையும்போது பூக்கும் பயிர் என்பதால் நம் ஆறேழு வாரத்தில் விதை கட்டும் பயமும் இல்லை. இதில் கவனிக்க வேண்டியது தண்டுதான். நார் எடுப்பதற்கென்றே வளர்க்கும் பயிர் இது. நாள் ஆக ஆகத் தண்டு நார் பிடித்துக் கட்டையாகும். இலை ஒரு பக்கம் வாரத்தில் கரையும், தண்டு மாதக்கணக்கில் கிடக்கும்.

பக்வீட் அவசரக்காரர்களின் பயிர். மூன்று முதல் ஐந்து நாளில் முளைத்து, நான்கு முதல் ஆறு வாரத்தில் பூத்துவிடும். தழைச்சத்து (நைட்ரஜன்) எதுவும் சேர்க்காது, பயறு வகை இல்லை. மண்ணில் எளிதில் கரையாமல் கிடக்கும் மணிச்சத்தை (பாஸ்பரஸ்) அதன் வேர் இளக்கி எடுக்கும் என்பார்கள். அதைவிட எனக்குப் பெரிதாகப் படுவது, களையை முந்திக்கொண்டு தரையை மூடும் வேகம். ஆனால் ஒரு கண்டிப்பு உண்டு. பூ எடுத்து ஒரு வாரம், பத்து நாளுக்குள் வெட்டிவிட வேண்டும். பக்வீட் ஒரே நேரத்தில் பூத்து முடிக்காது. மேலே பூத்துக்கொண்டே கீழே விதை முற்றும். கொட்டிய விதை கோதுமையோடு சேர்ந்து முளைக்கும். கடும் உறைபனி வந்தால் அந்த நாற்று சாகும் என்றாலும், அதை நம்பி விடக் கூடாது. சிலருக்கு பக்வீட் கடுமையான ஒவ்வாமையைக் கொடுக்கும். கோதுமை மணியோடு அந்த முக்கோண விதை கலந்து போவது சின்ன விஷயம் அல்ல.

பட்டைகளை இப்படி வைத்தேன்: தட்டைப்பயறு, சணப்பை, பக்வீட், சோளம், பிறகு பயறும் சணப்பையும் கலந்தது, கடைசியாக எதுவும் விதைக்காத வெறும் பட்டை. இந்த வரிசை முழுவதையும் வயலின் இன்னொரு பகுதியில் இடம் மாற்றி மறுபடியும் போட்டேன். ஒரே ஒரு முறை போட்டால், நல்ல மண்ணில் விழுந்த பயிர் நல்ல பயிராகிவிடும். வெறும் பட்டை விடுவதற்குப் பலருக்கு மனம் வராது. அது இல்லாமல் மற்றவற்றை எதோடு ஒப்பிடுவது? பட்டையின் அகலத்தை அறுவடை இயந்திரத்தின் அகலத்துக்குச் சற்றே கூடுதலாக வைத்துக்கொண்டால், பின்னால் கோதுமையைத் தனித்தனியாக அறுத்து நிறுத்துப் பார்க்கலாம்.

விதைப்பும் வளர்ச்சியும்

பயறு வகை விதைக்கு ரைசோபியம் (வேரில் முடிச்சு கட்டி, காற்றிலுள்ள தழைச்சத்தைப் பயிருக்குப் பிடித்துத் தரும் நுண்ணுயிர்) கலப்பதைச் சோம்பல்படாமல் செய்ய வேண்டும். தட்டைப்பயறுக்கும் சணப்பைக்கும் ஒரே பிரிவு நுண்ணுயிர் போதும், தட்டைப்பயறுப் பிரிவு என்று கேட்டு வாங்க வேண்டும். பட்டாணிக்கு உள்ளது இதற்கு உதவாது. ஆறிய கஞ்சியில் குழைத்து விதையோடு புரட்டி, நிழலில் உலர்த்தி, அன்றே விதைத்தேன். ஒரு மூலையில் மட்டும் கலக்காத விதையைப் போட்டு, குச்சி நட்டு அடையாளம் வைத்தேன்.

வைக்கோல் விஷயம் இங்கே முக்கியமாகிறது. கோதுமைத் தாளில் ஒரு பங்கு தழைச்சத்துக்கு ஏறக்குறைய 80 பங்கு கரிமம் இருக்கிறது. மண் நுண்ணுயிர்களுக்குச் சரியான விகிதம் 24-க்கு 1. மீதிக் கரிமத்தைச் செரிக்க அவை மண்ணிலிருந்து தழைச்சத்தை எடுத்துக்கொள்ளும். தாள் குவியலாக விழுந்த தடத்தில் பக்வீட்டும் சோளமும் வெளிறி நின்றன, பயறு வெளிறவில்லை. தனக்கு வேண்டியதைக் காற்றிலிருந்து எடுத்துக்கொள்ளும் பயிருக்கு அந்தத் தட்டுப்பாடு தெரியாது. தாளை வயல் அகலத்துக்கும் பரப்புவது அறுவடை இயந்திரத்தில் செய்ய வேண்டிய வேலை, பிறகு வாரிப் பரப்புவது பாதிதான் நடக்கும்.

முதல் மூன்று வாரம் பக்வீட்டைத்தான் எல்லோரும் பாராட்டியிருப்பார்கள். மற்றவை இரண்டு மூன்று இலையில் நிற்கும்போது அது தரையை மூடிவிட்டது. முள்ளுக்கீரை வகைக் களை அந்தப் பட்டையில் தலைதூக்கவே இல்லை. சணப்பை அந்த நேரத்தில் ஒல்லிக் குச்சியாக நின்றது, வரிசைகளுக்கு நடுவே களை எட்டிப் பார்த்தது. நாலாவது வாரம் தாண்டியதும் நிலைமை மாறியது. சணப்பை ஏறத் தொடங்கினால் ஒரு வாரத்துக்குள் அடையாளம் தெரியாத அளவுக்கு உயர்ந்துவிடும். கலந்து போட்ட பட்டையில் பயறு தரையைப் பார்த்துக்கொண்டது, சணப்பை மேலே போனது. களையின் கண்ணோட்டத்தில் அந்தப் பட்டைதான் மிக மோசமான இடம்.

தட்டைப்பயறு பூக்கும் முன்பே அதன் பட்டையில் குளவிகள் சுற்றின. பூ இல்லாத செடியில் என்ன வேலை என்று உட்கார்ந்து பார்த்தேன். இலைக்காம்பு ஓரத்தில் பொடிப்பொடியாகத் தேன் துளிகள் கசிந்திருந்தன. பூவுக்கு வெளியே தேன் சுரக்கும் பயிர் இது. எறும்பும் குளவியும் அதற்காக வருகின்றன, வந்த இடத்தில் புழுக்களையும் வேட்டையாடுகின்றன.

ஐந்தாவது வாரத்தில் மண்வெட்டியால் வேரோடு கிளறி எடுத்து, வாளித் தண்ணீரில் அலசி வேர்முடிச்சுகளைப் பார்த்தேன். செடியைப் பிடுங்கக் கூடாது, முடிச்சுகள் மண்ணிலேயே உதிர்ந்துவிடும். ஒரு முடிச்சை நகத்தால் கீறினால் உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தது. அதுதான் வேலை செய்யும் முடிச்சு. வெள்ளையாக இருந்தால் இன்னும் தொடங்கவில்லை, பச்சையோ பழுப்போ என்றால் வேலை முடிந்துவிட்டது. குச்சி நட்ட மூலையில், நுண்ணுயிர் கலக்காத செடிகளில், முடிச்சுகள் இருந்தன. ஆனால் எண்ணிக்கை குறைவு, பாதிக்கு மேல் உள்ளே வெள்ளை. மேலே இலை நிறத்தில் அந்த அளவு வித்தியாசம் தெரியவில்லை. தோண்டாமல் இருந்திருந்தால் நுண்ணுயிர் கலப்பு தேவையே இல்லை என்று முடிவு கட்டியிருக்கலாம்.

வெட்டும் நேரம்

பக்வீட்டுக்கு முதலில் கத்தி வைத்தேன். தேனீக்கள் காலையில்தான் அதில் அதிகமாக மேய்கின்றன, மாலை அவை அடங்கிய பிறகு வெட்டுவது நல்லது. தண்டு வெறும் நீர், வெட்டிய சில நாளில் தரையோடு தரையாகிவிடும். அதன் பிறகுதான் அதன் குறை தெரியும்: நிலம் மறுபடியும் வெறுமையாகி, இன்னும் நான்கு வாரம் வெயில் மிச்சமிருக்கும். உண்மையில் ஆறு வாரத்துக்கும் குறைவான இடைவெளிக்குத்தான் பக்வீட் பொருத்தம். பின்னால் களை வந்தது, இன்னொரு தடவை உழ வேண்டியிருந்தது.

சோளத்தை இடுப்பளவில் ஒரு முறை வெட்டி, ஒரு சாண் கட்டை விட்டேன். அப்படி வெட்டினால் புதுத் தூர் கிளம்பும், வேரும் ஆழமாகப் போகும். ஆடு மாடு மேய விடுகிறவர்கள் இளம் சோளத்திலும் உறைபனி பட்ட சோளத்திலும் இருக்கும் சயனைடு நஞ்சை மறக்கக் கூடாது. அந்தப் பட்டையை மற்றவற்றுக்கு ஒரு வாரம் முன்னதாகவே முடித்தேன். சோள வேர் கசியும் சோர்கோலியோன் என்ற பொருள் களையை அடக்குகிறது. பின்னால் முளைக்கும் சிறு நாற்றையும் அது தொந்தரவு செய்யும் என்பதால் அந்த அவகாசம்.

வெட்டுவதற்கு முன் ஒவ்வொரு பட்டையிலும் அளவெடுத்தேன். அரை மீட்டருக்கு அரை மீட்டர் சட்டத்தைச் சில இடங்களில் வீசி, உள்ளே இருப்பதை அடியோடு அறுத்து, எடை இனிக் குறையாது என்னும் வரை உலர்த்தி நிறுத்தேன். நாலால் பெருக்கினால் சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் என்று வரும், அதைப் பத்தால் பெருக்கினால் ஹெக்டேருக்குக் கிலோ. பயறு வகை பூக்கும் முன் உலர் எடையில் 3.5 முதல் 4 சதவீதம் தழைச்சத்து இருக்கும், பூக்கும்போது 3 முதல் 3.5. சதுர மீட்டருக்கு 400 கிராம் கிடைத்தால் ஹெக்டேருக்கு 4,000 கிலோ, அதில் 3.5 சதவீதம் என்றால் 140 கிலோ தழைச்சத்து. மடக்கி உழுதால் அதில் ஏறக்குறைய பாதி அடுத்த பயிருக்குக் கிடைக்கும் என்பது பொதுவான கணக்கு. மேலேயே விட்டால் இன்னும் குறையும்.

இந்தக் கணக்கைக் குளிர்காலக் கோதுமைக்கு அப்படியே போடக் கூடாது. வசந்தத்தில் விதைக்கும் பயிருக்கு முன்னால் மடக்கினால் அது சரி. இங்கே நாம் இளம்சூடான மண்ணில், இலையுதிர்காலத்துக்குச் சற்று முன் மடக்குகிறோம். இளம் பயறுத் தழை வேகமாக மக்கி, நைட்ரேட் உடனே வெளியாகும். கோதுமை நாற்று குளிருக்கு முன் எடுப்பது கொஞ்சம்தான். அதன் பெரும்பசி வசந்தத்தில் தண்டு நீளும்போது வருகிறது. நடுவில் பெய்யும் குளிர்கால மழையில் அந்த நைட்ரேட் கீழே போய்விடும். அதனால்தான் சீக்கிரம் மக்குவதே நல்லது என்று நான் நினைப்பதில்லை. இலை சீக்கிரமும் தண்டு மெதுவாகவும் மக்கும் சணப்பை இந்த இடத்தில் பயறைவிட மேல். சோளம் மறு எல்லை: அதன் முற்றிய தண்டு தழைச்சத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு கோதுமைக்குத் தராது.

ஈரம்

மழை குறைந்த இடத்தில் இருப்பவர்கள் இந்தப் பகுதியை முதலில் படிக்க வேண்டும். மூடுபயிர் தண்ணீர் குடிக்கும். அதைச் சுற்றிவளைத்துப் பேசுவதில் பயனில்லை. அமெரிக்காவில் கொலராடோ மாநிலத்தின் ஆக்ரன் போன்ற வறண்ட கோதுமைப் பகுதிகளில் நடந்த ஆய்வுகளில், மூடுபயிருக்குப் பின் வந்த கோதுமையின் விளைச்சல் குறைந்தது. பத்து வகை விதையைக் கலந்து போட்டால் தண்ணீர்ச் செலவு குறையும் என்ற நம்பிக்கைக்கும் அங்கே ஆதாரம் கிடைக்கவில்லை; கலவையும் தனிப்பயிரும் ஒரே அளவுதான் குடித்தன.

நான் வைத்திருந்தது நுனியில் குண்டு வைத்த ஓர் இரும்புக் கம்பி. ஈர மண்ணில் கையால் அழுத்தினாலே இறங்கும், காய்ந்த அடுக்கு வந்ததும் நின்றுவிடும். வெட்டிய நாளில் வெறும் பட்டையில் அது எளிதாக ஆழத்துக்குப் போனது. சோளப் பட்டையில் முழங்கால் அளவுக்குக்கூட இறங்கவில்லை. பயறும் சணப்பையும் நடுவில். பக்வீட் சீக்கிரம் முடிந்ததால் ஏறக்குறைய வெறும் பட்டை மாதிரி. விதைப்புக்கு முன் ஒரு நல்ல மழை வந்து மேலடுக்கைச் சமன் செய்தது. ஆழத்தில் சோளத்தின் பற்றாக்குறை குளிர்காலம் வரை இருந்தது. மழை நம்பிக்கை இல்லாத ஆண்டில் மூடுபயிரை இரண்டு வாரம் முன்னதாகவே முடிக்கலாம், அல்லது போடாமலே விடலாம். தாளைப் பரப்பி நிலத்தை மூடி வைப்பதும் ஒரு மூடுதான்.

கோதுமை

சணப்பைத் தண்டை உருளையால் சாய்த்து, வட்டுக் கலப்பையால் ஒரு முறை நறுக்கி மண்ணோடு கலந்தேன். விதைக்கும் நாளில் பயறு இலை அடையாளமே இல்லை, சணப்பைத் தண்டு விரலளவுத் துண்டுகளாகக் கிடந்தது. மூன்று, நான்கு சென்டிமீட்டர் ஆழத்தில் எல்லாப் பட்டையிலும் ஒரே அளவு விதை போட்டேன். விதைத்த பின் பெய்த மழையில் வெறும் பட்டையின் மேல்மண் ஓடு கட்டியது. முளை அதை உடைத்து வரச் சிரமப்பட்டது. மூடுபயிர் நின்ற எல்லாப் பட்டையிலும் மண் பொலபொலவென்று இருந்தது, முளைப்பும் சீராக வந்தது. சணப்பைப் பட்டையில் மட்டும் தண்டு குவிந்த இடங்களில் சில இடைவெளிகள்.

குளிருக்கு முன் தட்டைப்பயறுப் பட்டை கரும்பச்சை, சோளப் பட்டை வெளிர்பச்சை. தூரத்திலிருந்தே எல்லைக்கோடு தெரிந்தது. வசந்தத்தில் பயறின் கருமை மங்கி, சணப்பையும் கலப்புப் பட்டையும் அதை எட்டிப் பிடித்தன. நைட்ரேட் பற்றி மேலே சொன்னது இதில் தெரிந்தது. சோளப் பட்டையில் அடி இலைகள் மஞ்சளாகி, தூர்களும் குறைவாக இருந்தன. மேலுரத்தைப் பட்டைகளின் பாதி நீளத்துக்கு மட்டும் வழக்கமான அளவில் இட்டு, மறுபாதியில் குறைத்துப் போட்டேன். குறைத்த பாதியில் கலப்புப் பட்டை தாக்குப்பிடித்தது. பக்வீட்டும் வெறும் பட்டையும் தாக்குப்பிடிக்கவில்லை.

அறுவடை எடையில் சோளம் தெளிவாகப் பின்தங்கியது. முழு மேலுரம் பெற்ற இடங்களில் மற்றப் பட்டைகளுக்குள் இருந்த வித்தியாசம், ஒரே பயிரின் இரண்டு பட்டைகளுக்குள் இருந்த வித்தியாசத்தைவிடப் பெரிதாக இல்லை. அதை வைத்து எது முதலிடம் என்று சொல்ல மாட்டேன். மேலுரம் குறைத்த பாதியில்தான் பயறும் கலப்பும் தங்கள் விலையைக் காட்டின.

அடுத்த கோடைக்கு விதை இப்படிச் சொல்லி வைத்திருக்கிறேன்: பெரும்பகுதிக்குத் தட்டைப்பயறும் சணப்பையும் கலந்து, சணப்பை ஹெக்டேருக்கு 12 கிலோ, பயறு 40 கிலோ. மழையால் அறுவடை தள்ளிப்போய் இடைவெளி ஆறு வாரத்துக்குக் கீழே வந்துவிட்டால் போட ஒரு மூட்டை பக்வீட் கையிருப்பில் இருக்கும். சோளம் அடுத்த பயிர் கோதுமையாக இல்லாத வயலுக்கு. அறுவடை இயந்திரம் வரும் முன் அதன் தாள் பரப்பியின் தகடுகளை மாற்ற வேண்டும், தேய்ந்திருக்கின்றன.